எஞ்சினில் பிறந்ததும் சில்லுக்கு வந்ததும்

சில வாரங்களுக்கு முன்னர் இலங்கைத்துறையில் ஒரு மரணவீட்டுக்குப் போகவேண்டி வந்தது. திருகோணமலையில் வாடகைக்கு அமர்த்திய கார், 660 சீ.சீ. எஞ்சின் பூட்டிய ஜப்பானியச் சிறுகார். கிண்ணியாப் பாலத்தில் ஏறும்போது சாரதித் தம்பி தன் காரின் பெருமையைச் சொல்லத் தொடங்கினார். ஐம்பதுக்கும் மேற்பட்ட குதிரைவலுவாம். பின்னால் இருந்த என் மைத்துனர் விடவில்லை. "அது எஞ்சினில தம்பி, சில்லுக்கு எவ்வளவு வருது?" என்று கேட்டார். தம்பி சிரித்தார். கம்பனி சொன்ன கணக்குத்தான் அவருக்குத் தெரியும். அதற்கு மேல் அவர் யோசித்ததில்லை.

நான் சிரிக்கவில்லை. நாங்கள் யாருடைய மரணவீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தோமோ, அந்த மனிதர் தம் வாழ்நாளில் பெரும்பகுதியை இந்த ஒரு கேள்வியோடுதான் கழித்தார். அவரை நாங்கள் சாரதி அண்ணர் என்றே அழைப்போம். அவரிடம் இருந்தது 1950களின் முற்பகுதியில் வந்த ஒஸ்ரின் ஏ-40 சோமசெற். உருண்டை முதுகும் தடித்த கதவுகளும் கொண்ட அந்தக் காரை, யாழ்ப்பாணத்தில் போலவே எங்கள் பக்கத்திலும் 'ஏ போட்டி' என்பார்கள். 1200 சீ.சீ. எஞ்சின், தொழிற்சாலையை விட்டு வந்தபோது 42 குதிரைவலு.

இலங்கைத்துறை முகத்துவாரத்தை அறியாத வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. கொட்டியாரக் குடாவுக்குத் தெற்கே, ஈச்சிலம்பற்றுப் பிரிவில், கடல்நீரேரி ஒன்று கடலோடு சேரும் வாயில் உள்ள கரையோர ஊர் இது. புனித தந்தம் இலங்கையில் வந்திறங்கிய துறை இதுவே என்பது பௌத்தர்களின் ஐதீகம். எங்களுக்கோ அது மீனும் மணலும்தான். அந்த மணல் இந்தக் கட்டுரைக்கு வேண்டியது.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்ட பின்னர், வடக்கிலும் கிழக்கில் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளிலும் பெற்றோல் உள்ளிட்ட பல பொருட்களுக்குத் தடைகளும் கட்டுப்பாடுகளும் வந்தன. மண்ணெண்ணெயும் தாராளமாகக் கிடைத்ததில்லை. ஆனாலும் கிடைத்தது அதுதான். அதனால் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது என்பதால், காபரேற்றரின் வாயில் சில துளி பெற்றோலைச் சிறு போத்தலால் பீச்சி எஞ்சினை எழுப்புவார்கள். சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். வெளியூர்க்காரர்கள் இதை நம்முடைய கண்டுபிடிப்பு என்று வியந்து எழுதியிருக்கிறார்கள். உண்மையில் இது பழைய வித்தை. முதலாம் உலகப்போர்க் காலத்தின் போட்சன் உழவு இயந்திரங்களும், பின்னர் பேர்கசன் உழவு இயந்திரங்களில் ஒரு வகையும், பெற்றோலில் எழும்பி மண்ணெண்ணெய் வகை எரிபொருளில் ஓடுவதற்கென்றே செய்யப்பட்டவை. வேறுபாடு என்னவென்றால், அந்த எஞ்சின்களை அதற்கென்றே அமுக்கம் குறைத்துச் செய்தார்கள். நம்மவர்கள் பெற்றோலுக்கென்று செய்த எஞ்சினை அப்படியே பழக்கினார்கள்.

1990களின் நடுப்பகுதியில் ஒரு நாள். அப்போது நான் பத்திரிகைத் தொழிலுக்குப் புதியவன். உறவினரைப் பார்க்கவென்று இலங்கைத்துறையில் தங்கியிருந்தேன். விடிகாலையில் விறகு எடுக்கப் போன என் சின்னம்மாவைப் புடையன் கடித்துவிட்டது. சாரதி அண்ணர் வந்தார். மருந்துப் போத்தல் ஒன்றில் ஒரு விரற்கடை பெற்றோல் இருந்தது. அவரிடமிருந்த பெற்றோல் அவ்வளவுதான். அதில் பாதியில் எஞ்சின் எழும்பியது.

ஊரை விட்டு வெளியேறும் பாதையில் மணல் தொடங்கியதும் கார் முனகத் தொடங்கியது. இரண்டாம் கியர், பிறகு முதலாம் கியர். எஞ்சின் நின்றால் மீண்டும் எழுப்பப் பாதிப் போத்தல்தான் மிச்சம். அண்ணர் திரும்பிப் பார்க்காமலே, "தம்பி, சின்னம்மாவை விட்டுட்டு மற்ற ஆக்கள் ஒருக்கா இறங்குங்க" என்றார். நானும் இரு இளைஞர்களும் இறங்கித் தள்ளினோம். எஞ்சின் நிற்கவில்லை. மணல் முடிந்து கிறவல் பாதை வந்ததும் நாங்கள் ஓடும் காரில் தொற்றிக்கொண்டோம். அவர் விரைவாக மேல் கியருக்கு ஏறினார். "கியருக்குள்ள கிடந்தா பலம் எல்லாம் அதுக்குள்ளேயே செத்துப்போகும்" என்றார். சோதனைச் சாவடிவரைதான் கார் போகலாம். அங்கிருந்து உழவு இயந்திரப் பெட்டியில் மூதூர் வைத்தியசாலை; பிறகு குடாவைக் கடந்து படகில் திருகோணமலை. சின்னம்மா பிழைத்தார். ஒரு கால் இன்றும் சற்று இழுத்துத்தான் நடக்கும்.

கலைப்பட்டதாரியான எனக்கு விஞ்ஞானம் சாதாரண தரத்தோடு முடிந்துபோனது. ஆனால் 'கியருக்குள் பலம் செத்துப்போகும்' என்ற அந்த வாக்கியம் என்னை விடவில்லை. திருகோணமலை திரும்பியதும், கடற்படைத் தளத்தில் ஆங்கிலேயர் காலத்தில் பிற்றராக வேலை பழகி, பின்னர் நகரில் கராஜ் வைத்திருந்த ஒரு முதியவரிடம் போய்க் கேட்டேன். அவர் சொன்னவற்றோடு, பின்னாளில் நான் தேடிப் படித்தவற்றையும் சேர்த்துத்தான் இங்கே எழுதுகிறேன்.

குதிரைவலு என்ற சொல்லே ஒரு வியாபாரத் தந்திரத்தில் பிறந்தது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜேம்ஸ் வாட் தம் நீராவி இயந்திரத்தை விற்கவேண்டியிருந்தது. வாங்குபவர்களுக்குத் தெரிந்த வலு, ஆலையைச் சுற்றிவரும் குதிரையின் வலு. எனவே ஒரு குதிரை நிமிடத்துக்கு 33,000 அடி-இறாத்தல் வேலை செய்யும் என்று ஒரு கணக்கை நிறுத்தினார். இன்றைய அளவில் அது 746 வாற். சாதாரணக் குதிரை நாள் முழுதும் இவ்வளவு இழுக்காது. தாராளமாகப் போட்ட கணக்கு அது. வாங்கியவன் ஏமாறவில்லை, குதிரைதான் தன்னை மீறிப் புகழப்பட்டது.

அடுத்த கேள்வி, அந்த வலுவை எந்த இடத்தில் அளப்பது என்பது. 1821இல் பிரான்சின் பொறியியலாளர் கஸ்பார் டி புரோனி, சுழலும் தண்டை மரக் கட்டைகளால் இறுக்கிப் பிடித்து, அந்தப் பிடியை ஒரு நெம்புகோலின் முனையில் நிறுக்கும் முறையைக் கொண்டுவந்தார். பிரேக் பிடித்து அளப்பதால் அது 'பிரேக் குதிரைவலு' ஆயிற்று. கார் விளம்பரங்களில் இன்றுவரை நாம் காண்பது பெரும்பாலும் இதன் வாரிசுதான். எஞ்சினைக் காரிலிருந்து பிரித்து, மேசையில் ஏற்றி, அதன் தண்டின் முனையில் அளந்த வலு அது. கார் என்ற பொருள் அந்த அளவைக்குள் வருவதே இல்லை.

இடையில் பிரித்தானியாவில் ஒரு வேடிக்கை நடந்தது. 1910இல் றோயல் ஒட்டோமொபைல் கிளப், எஞ்சினை ஓட்டிப் பார்க்காமலே, சிலிண்டரின் விட்டத்தையும் எண்ணிக்கையையும் மட்டும் வைத்துக் குதிரைவலுவைச் சொல்லும் சூத்திரம் ஒன்றை வகுத்தது. 1921இலிருந்து குதிரைவலு ஒன்றுக்கு ஒரு பவுண் என்று வரியும் அதன்மேல் போடப்பட்டது. விட்டம் பெருத்தால் வரி பெருக்கும். ஆகவே ஆங்கிலேயர் சிலிண்டரைக் குறுக்கி நீட்டினார்கள். நம் தாத்தாமார் பேசிய 'ஒஸ்ரின் செவன்', 'மொறிஸ் எயிற்' என்ற பெயர்களில் உள்ள ஏழும் எட்டும் இந்த வரிக் குதிரைகள்தான். மொறிஸ் எயிற்றின் உண்மையான வலு இருபதுக்கு மேல். ஒரே காருக்கு வரிக்காரனுக்கு ஒரு கணக்கு, வாங்குபவனுக்கு ஒரு கணக்கு. அமெரிக்கர் மறுபக்கம் போனார்கள். விசிறி, மின்பிறப்பாக்கி, காற்று வடிகட்டி, புகைக்குழாய்ச் சத்தமடக்கி யாவற்றையும் கழற்றிவிட்டு அளந்த எண்ணைப் பெரிதாக விளம்பரம் செய்தார்கள். 1970களின் தொடக்கத்தில் அவற்றைப் பூட்டியபடியே அளக்கும் முறைக்கு மாறியபோது, அதே எஞ்சின்களின் குதிரைகள் ஒரு வருடத்துக்குள் கூட்டம் கூட்டமாகக் காணாமற்போயின.

பிற்றர் ஐயா இதையெல்லாம் ஒரு துறைமுகக்காரனின் ஏளனத்தோடுதான் சொன்னார். கப்பற்காரர்களுக்கு இந்த மயக்கம் கிடையாதாம். பழைய நீராவிக் கப்பல்களில் சிலிண்டருக்குள் எழும் வலுவை ஒரு கருவி வரைபடமாக எழுதும். அது ஒரு கணக்கு. சுழலி எஞ்சின்கள் வந்தபோது அப்படி வரைய முடியவில்லை. எனவே கப்பலின் நீண்ட தண்டு எவ்வளவு முறுகுகிறது என்பதைப் பார்த்தே வலுவை அளந்தார்கள். அதாவது பற்சில்லுகளையெல்லாம் தாண்டி, விசிறியைத் திருப்பும் தண்டுக்கு வந்து சேர்ந்த வலு. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானியர் திருகோணமலையைத் தாக்கிய அன்று, முதல்நாள் மாலை இத்துறையை விட்டுப் போன விமானந்தாங்கிக் கப்பல் ஹெர்மிஸ் மட்டக்களப்புக் கடலில் மூழ்கடிக்கப்பட்டது. அதன் வலு 40,000 தண்டுக் குதிரைவலு என்று ஏடுகளில் இருக்கிறது. அது கையில் கிடைத்த குதிரைகளின் எண்ணிக்கை. நம் மீனவர்களின் வெளியிணைப்பு எஞ்சின்களுக்கும் 1980களிலிருந்து இதுவே வழக்கமாயிற்று. விசிறித் தண்டில் கிடைக்கும் வலுவைத்தான் மேலே எழுதுகிறார்கள். கடலில் ஓடுபவனுக்கு வந்து சேர்ந்ததைச் சொல்கிறார்கள். தரையில் ஓடுபவனுக்குப் புறப்பட்டதைச் சொல்கிறார்கள். ஏன் இப்படி என்று நான் பல பேரிடம் கேட்டிருக்கிறேன். ஒரே எஞ்சினைப் பல கார்களில் பூட்டுவதால் என்பது ஒரு விடை. பெரிய எண் விற்கும் என்பது இன்னொன்று. எனக்கு இரண்டாவதில்தான் நம்பிக்கை.

சரி, புறப்பட்டது எங்கே தொலைகிறது? ஐயா ஒரு காட்போட் மட்டையில் வரைந்து காட்டினார். சோமசெற் போன்ற பழைய கார்களில் எஞ்சின் முன்னால், இழுக்கும் சில்லு பின்னால். 1890களின் தொடக்கத்தில் பிரான்சின் பனார்ட் - லெவசோர் நிறுவனம் நிலைநிறுத்திய ஒழுங்கு இது. எஞ்சினை அடுத்துக் கிளச், கியர்பொக்ஸ், நீண்ட செலுத்துத் தண்டு, அதன் இரு முனைகளிலும் மூட்டுகள், கடைசியில் டிபரன்சியல். இவற்றில் கியர்பொக்ஸ் மீதுதான் எல்லோருக்கும் சந்தேகம். ஆனால் மேல் கியரில் அது ஏறத்தாழ ஒரு வெறுங்குழாய் மாதிரி. உள்ளே வரும் தண்டும் வெளியே போகும் தண்டும் நேராகப் பூட்டிக்கொள்ளும்; பற்சில்லுகள் சுமையில்லாமல் எண்ணெயைக் கடைந்துகொண்டு சுற்றும். கீழ் கியர்களிலோ வலு ஒரு சோடிப் பற்சில்லில் இறங்கிப் பக்கத் தண்டுக்குப் போய், இன்னொரு சோடியில் ஏறித் திரும்பவேண்டும். நல்ல எண்ணெயில் ஓடும் ஒரு சோடி நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு பங்குதான் தின்னும். ஆகவே 'கியருக்குள் கிடந்தால் செத்துப்போகும்' என்ற அண்ணரின் வாக்கில் உண்மை இருந்தது. ஆனால் அவர் நினைத்த அளவு இல்லை.

பெரிய தீனி டிபரன்சியலில்தான். அங்கே வலு செங்கோணத்தில் திரும்புகிறது. 1926இல் பக்கார்ட் கார்களில் வந்து பின்னர் எங்கும் பரவிய ஹைபொயிட் பற்சில்லுகளில், செலுத்துத் தண்டைத் தாழ்த்தி, காரின் தளத்தையும் தாழ்த்த முடிந்தது. பற்கள் ஒன்றன்மீது ஒன்று உருள்வதோடு வழுக்கவும் செய்வதால் உராய்வு கூடியது. வழுக்கும் இடத்தில் சூடு உண்டு. அந்தச் சூடுதான் காணாமற்போன குதிரை. நெடுந்தூரம் ஓடிவந்த காரின் டிபரன்சியலில் கையை வைத்துப் பார்த்தவர்களுக்கு இது புரியும். (வைத்துப் பார்க்கவேண்டாம்.)

மொத்தமாக நூற்றுக்குப் பதினைந்து போகும் என்பது கராஜ்களில் இன்றும் ஓடும் வாய்ப்பாடு. கணக்கை முடிக்க அது உதவும், ஆனால் சரியானதல்ல. இழப்பில் ஒரு பகுதி சுமையோடு கூடும். இன்னொரு பகுதி எண்ணெயைக் கடைவதாலும் சீல்களின் இறுக்கத்தாலும் வருவது. அது வேகத்தைப் பார்க்குமே தவிர, எஞ்சினின் வலுவைப் பார்க்காது. அதே காரில் இரட்டிப்பு வலுவுள்ள எஞ்சினைப் பூட்டினால் இழப்பு அப்படியே இரட்டிப்பதில்லை. விடிகாலையில் எண்ணெய் தடித்திருக்கும்போது போவது, நண்பகலில் போவதில்லை. உருளைகளின்மேல் காரை ஏற்றிச் சில்லில் அளக்கும் இயந்திரங்களில் ரயர் நசுங்குவதற்குப் போகும் வலுவும் இதே கணக்கில் சேர்ந்துவிடுகிறது. காற்றுக் குறைந்த ரயரோடு அளந்துவிட்டுக் கியர்பொக்ஸைக் குறைசொல்பவர்களும் உண்டு.

இந்த இழப்பைக் குறைக்க முயன்றவர்களின் கதையிலும் நமக்குப் பழகிய பெயர் ஒன்று வருகிறது. 1948இல் வந்த மொறிஸ் மைனரையும் 1959இல் வந்த மினியையும் வடிவமைத்தவர் ஒருவரே, அலெக் இசிகோனிஸ். மைனரில் பழைய ஒழுங்கு. மினியில் எஞ்சினைக் குறுக்காகத் திருப்பி, முன்சில்லையே இழுக்கவிட்டார். அவர் தேடியது இடவசதியை. ஆனால் வலு செங்கோணத்தில் திரும்பும் தேவையும் அத்தோடு ஒழிந்தது. 1977க்குப் பின் இறக்குமதி திறந்துவிடப்பட்டு இங்கே குவிந்த ஜப்பானியக் கார்களில் பலவும் பின்னாளில் இந்த ஒழுங்குக்கே மாறின. இவற்றின் கியர்பொக்ஸில் மேல் கியரிலும் ஒரு சோடிப் பற்சில்லாவது சுமக்கவேண்டும் என்பது உண்மைதான். ஆனாலும் கணக்கில் இலாபம். பிறகு வந்த, கியரே தெரியாத பட்டி வகைப் பெட்டிகள், பட்டியை இறுக்கிப் பிடிக்கும் எண்ணெய்ப் பம்பிக்கே வலுவைக் கொடுத்து இலாபத்தில் ஒரு பங்கைத் திருப்பி எடுத்துக்கொண்டன. என்னை ஏற்றிப்போன தம்பியின் கார் அந்த வகை.

பிற்றர் ஐயா சோமசெற்றுக்குப் போட்ட கணக்கை இன்னும் வைத்திருக்கிறேன். அது அவருடைய கைமதிப்பு, அளந்ததல்ல. 42 குதிரை. நாற்பது வயது தாண்டிய எஞ்சின், தேய்ந்த றிங்குகள்: ஆறு குதிரை போயிற்று. மண்ணெண்ணெய்: அது அமுக்கத்தில் முந்தி வெடித்துத் தட்டும், தட்டாமலிருக்கப் பொறியின் நேரத்தைப் பின்தள்ளவேண்டும், எரியாமல் மிஞ்சியது சிலிண்டர்ச் சுவரைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி எண்ணெயை நீர்க்கச் செய்யும். இன்னுமொரு ஆறு. விசிறிக்கும் டைனமோவுக்கும் இரண்டு. மீதி 28. கியர்பொக்ஸிலிருந்து சில்லுவரை நான்கு. வந்து சேர்ந்தது 24.

நான் வியந்தது அந்த நான்கைப் பார்த்து. சாரதி அண்ணரும் நானும் குற்றம் சாட்டிய கியரும் டிபரன்சியலும், தேய்மானத்தையும் மண்ணெண்ணெயையும் விடச் சிறிய திருடர்கள். ஐயா இன்னொன்றும் சொன்னார். எரிபொருளில் உள்ள சக்தியில் கால் பங்குகூட அந்தக் காலத்து எஞ்சினின் தண்டுக்கு வருவதில்லை. மீதி றேடியேற்றராலும் புகைக்குழாயாலும் போய்விடுகிறது. "வீட்டுக்குள்ள முக்காவாசி போன பிறகு, படலையடியில நிண்டு மிச்சத்தை எண்ணிறம்" என்றார்.

மணலைப் பற்றியும் கேட்டேன். தளர்ந்த மணல், சில்லைத் தார்வீதியைவிடப் பத்து மடங்குக்கும் மேலாக இழுத்துப் பிடிக்கும். ஆனால் நடை வேகத்தில் அதை வெல்ல ஏழெட்டுக் குதிரை போதும், 24 தாராளம். அன்று போதாமலிருந்தது வலுவல்ல, இழுவை. மெதுவாகச் சுற்றும் எஞ்சினால் அந்த 24ஐக் கொடுக்கமுடியாது. அங்கே முதலாம் கியர் நூற்றுக்கு மூன்றோ நான்கோ தின்றுவிட்டு, அதற்குப் பதிலாக முறுக்கத்தைப் பல மடங்கு பெருக்கித் தருகிறது. சின்னம்மாவை மணலைத் தாண்ட வைத்தது, அண்ணர் வெறுத்த அந்தக் கியர்தான். இதை ஒருமுறை அவரிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். "நீங்க மூண்டு பேர் தள்ளினதை அந்த ஐயா கணக்கில சேர்த்தவரோ?" என்று கேட்டார். சேர்க்கவில்லை.

2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்பாடு வந்து பெற்றோல் தட்டுப்பாடு தளர்ந்தது. ஆனால் மண்ணெண்ணெயில் தேய்ந்த எஞ்சின் அதற்குள் முடிந்துபோயிருந்தது. 2004 டிசம்பர் 26இல் கடல் ஊருக்குள் வந்தபோது, வேலியோரம் நின்ற காரைப் புரட்டிப்போட்டது. 2006இல் போரோடு ஊரே இடம்பெயர்ந்தது. திரும்பி வந்தபின் அண்ணர் கார் ஓடவில்லை. மகன்களோடு கடல்தொழிலுக்குப் போனார். 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவானபோது, கரையில் ஏற்றிக் கிடந்த படகுகளைப் பற்றி எழுதுவதற்காக அவருடன் தொலைபேசியில் பேசினேன். பெற்றோல் இல்லாத காலத்தில் காரை ஓட்டிய மண்ணெண்ணெய், இப்போது படகைக்கூட ஓட்டவில்லை என்றார். நான் அதைச் செய்தியில் போட்டேன். இடம் போதாமல் அந்த வரி வெட்டப்பட்டது.

மரணவீட்டில் பந்தலுக்குப் பின்னால் மீன்பெட்டி ஏற்றும் இழுவை வண்டி ஒன்று நின்றது. அதன் அச்சைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. சோமசெற்றின் பின்னச்சு. செலுத்துத் தண்டு வந்து சேரும் வாயை ஒரு தகரத்தால் அடைத்திருந்தார்கள். மூத்த மகனிடம் கேட்டேன். வண்டியைத் தள்ளும்போது உள்ளே அந்தப் பற்சில்லுகளும் சும்மா சேர்ந்து சுற்றுவதால் பாரமாக இருக்கிறதென்றும், கழற்றிவிடச் சொல்லிப் பலமுறை கேட்டும் அப்பா விடவில்லையென்றும் சொன்னார். வருடத்துக்கு ஒருதடவை எண்ணெய் மட்டும் மாற்றுவாராம்.